ஆய்வு முறைகேட்டு விசாரணை: பாலக்காடு, இடுக்கி எல்லைப் பகுதி

தமிழ்த்துறை உள்ள சித்தூர் அரசுக் கல்லூரி கோழிக்கோடு பல்கலைக்கழகத்தையும், மூணாறு அரசுக் கல்லூரி கோட்டயம் மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவை. இரண்டிடத்துக்கும் பொது விதி, பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறை.

புகாரை முதலில் துறைக்குழு விசாரித்து, 45 நாளுக்குள் நிறுவனக் குழுவிடம் அறிக்கை தரவேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் விளக்கத்தையும் கேட்டாக வேண்டும். ஆய்வேட்டில் ஒப்புமை 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை. 40 வரை, ஆறு மாதத்துக்குள் திருத்திய ஏடு. 60 வரை, திருத்திய ஏடு தர ஓராண்டுத் தடை. அதற்கு மேல் பதிவே ரத்து.

மென்பொருள் காட்டும் விழுக்காட்டை மட்டும் தீர்ப்பாகக் கொள்வது அநீதி. மேற்கோள் குறியிட்டு, மூலம் சுட்டி எடுத்தாண்ட பகுதிகளைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று விதியே சொல்கிறது. பெரிய குறை வேறொன்று: இட்டுக்கட்டிய தரவையும் திருத்திய படத்தையும் இந்த அளவுகோல் பிடிக்காது.