ரஜூலா, ரோனா: நம்மை அக்கரை சேர்த்த லஸ்கர்கள்

நம் சங்கத்துக் குடும்பங்களின் வரலாறு பெரும்பாலும் ஒரு கப்பலில்தான் தொடங்கும். ரஜூலாவில் வந்தவர், ரோனாவில் வந்தவர், அதற்கும் முந்தைய கப்பல்களில் வந்தவர் என்று கப்பலின் பெயரைச் சொல்லித் தலைமுறையை அடையாளம் காட்டுவது நம் பெரியவர்களின் வழக்கம். நாகப்பட்டினத்தில் யார் வழியனுப்ப வந்தார்கள், கையில் என்ன கொண்டுவந்தார், கிள்ளானில் யார் கடையில் முதலில் வேலைக்கு நின்றார் என்பதெல்லாம் பேரன் பேத்திகள் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் அந்தக் கப்பலை ஓட்டியவர்கள் யார் என்று கேட்டால், "வெள்ளைக்காரக் கேப்டன்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

கேப்டனும் மேலதிகாரிகளும் வெள்ளைக்காரர்கள்தாம். கயிறு இழுத்தவர், சுக்கான் பிடித்தவர், கொதிகலனுக்குத் தீ மூட்டியவர், சோறு ஆக்கியவர் எல்லோரும் நம் நாட்டவர். அவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ஆங்கிலேயர் அவர்களை 'லஸ்கர்' என்று அழைத்தனர். நம்மை இந்தக் கரையில் இறக்கிவிட்டுத் திரும்பிப் போன அந்த மனிதர்களின் வாழ்க்கையை நம் பிள்ளைகளும் அறிய வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை.

கப்பல் ஓட்டியவர் பயணியான கதை

சோழமண்டலக் கரையில் கடலோடு பிழைத்தவர்கள் நம் முன்னோர். காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், தோப்புத்துறை, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய ஊர்களிலிருந்து பாய்மரக் கப்பல்கள் இலங்கைக்கும் பினாங்குக்கும் அச்சேவுக்கும் போய்வந்தன. மரக்காயர் என்ற பெயரே மரக்கலத்திலிருந்து வந்தது என்பார்கள். சிங்கப்பூர் ஆற்றில் தொடக்க காலத்தில் சரக்குப் படகு தள்ளியவர்களிலும் சூலியாக்கள் எனப்பட்ட நம்மவர்கள் நிறைய இருந்தனர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீராவிக் கப்பல் வந்ததும் நிலைமை மாறியது. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி, அதாவது நம் பெரியவர்கள் சொல்லும் பி.ஐ. கம்பெனி, சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் வழியைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. 1901-ல் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டதும் கிள்ளானும் அந்த வழியில் சேர்ந்தது. அங்கே இறங்கியவர் ரயிலேறிக் கிள்ளானைக் கடந்தால் பிரிக்பீல்ட்ஸும் கோலாலம்பூரும் வந்துவிடும். காற்றை நம்பியிருந்த மரக்கலம் நீராவியோடு போட்டி போட முடியவில்லை. கப்பல் ஓட்டிய குடும்பங்களின் பிள்ளைகள் டெக் டிக்கெட் வாங்கிக்கொண்டு கடை வேலைக்குச் சபர் புறப்பட்டார்கள்.

1926-ல் அந்த வழிக்கென்றே இரண்டு பெரிய கப்பல்கள் கட்டப்பட்டன. கிளாஸ்கோவில் கட்டப்பட்டது ரஜூலா. வட இங்கிலாந்தின் டைன் நதிக்கரையில் கட்டப்பட்டது ரோனா. ரஜூலாவின் டெக்கில் மட்டும் 5,000-க்கும் மேற்பட்டோரை ஏற்ற அனுமதி இருந்தது. இவற்றில் வேலை பார்த்த லஸ்கர்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் பம்பாயிலும் கல்கத்தாவிலும் பதிவு செய்யப்பட்டவர்கள். சிட்டகாங், நவகாளி, சில்ஹெட், ரத்னகிரி, பஞ்சாப், கோவா என்று அவர்களின் ஊர்கள் பரந்து கிடந்தன.

சாரங்கு, தண்டல், சுக்கானி, கலாசி

மொழியால் அவர்கள் நமக்கு வேற்று ஊரார். ஆனால் தொழிலின் சொற்கள் இரு தரப்புக்கும் பொதுவானவை. லஷ்கர் என்பது பாரசீகத்தில் படையைக் குறிக்கும் சொல். மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவர் சாரங்கு. மலாய் மொழியில் அவரே செராங். அவருக்கு அடுத்தவர் தண்டல். தூத்துக்குடித் தோணியின் தலைவரையும் தண்டல் என்றுதான் சொல்வார்கள். மலாயாவில் கூலி ஆட்களை மேய்த்த மேஸ்திரிக்கும் அந்தப் பெயர் வந்தது. சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. சுக்கான் அரபுச் சொல். சாதாரண மாலுமி கலாசி, மலாயில் கெலாசி. மாலுமி என்ற நம் சொல்லும் மலாயின் மாலிம் என்ற சொல்லும் 'முஅல்லிம்' என்ற அரபுச் சொல்லின் வழி வந்தவை. மலாய் மொழி கப்பலுக்கே நம்மிடமிருந்து பெயர் எடுத்துக்கொண்டது. வங்காளக் கரையிலிருந்து மலாக்கா நீரிணை வரை ஒரே தொழிலைச் செய்த மக்கள் ஒருவர் சொல்லை ஒருவர் வாங்கிப் பேசியதன் அடையாளம் இது.

ஒரு லஸ்கரின் வாழ்க்கை

கிராமத்தில் நிலம் போதாத வீட்டில் ஒரு பையன் பதினாறு, பதினேழு வயதில் கப்பலுக்குப் போக நினைப்பான். கம்பெனி அவனை நேரடியாக எடுக்காது. ஆள் சேர்ப்பது சாரங்கின் வேலை. அவர் பெரும்பாலும் தன் ஊர், தன் உறவு என்று பார்த்தே எடுப்பார். துறைமுகத்துத் தரகருக்கும் விடுதிக்காரருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்து, கடன் வாங்கித்தான் முதல் கப்பல் கிடைக்கும். பிறகு ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்கு லஸ்கர்களுக்கென்று தனிச் சட்டவிதிகள் இருந்தன. பயணம் முடிந்ததும் அவனை இந்தியாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்; வெளிநாட்டுத் துறைமுகத்தில் கணக்குத் தீர்த்து நின்றுவிட முடியாது.

கூலி, அதே கப்பலில் அதே வேலையைச் செய்யும் ஐரோப்பிய மாலுமியின் கூலியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. படுக்கும் இடத்திலும் வேறுபாடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெள்ளை மாலுமிக்கு 72 கன அடி இடம் தர வேண்டும் என்று பிரிட்டிஷ் சட்டம் சொன்னது. லஸ்கருக்கு 36 கன அடி போதும் என்றது இந்தியச் சட்டம். 1906-ல் வெள்ளை மாலுமியின் இடம் 120 கன அடியாக உயர்ந்தபோதும் லஸ்கரின் அளவு உயரவில்லை.

மேல்தளத்து வேலை வெயிலும் மழையும். கீழே எஞ்சின் அறை வேலை அதைவிடக் கொடிது. நிலக்கரியை வாரி உலைக்குள் வீசும் ஆள் நான்கு மணி நேரம் நெருப்பின் முன் நின்றுவிட்டு வருவான். சில மணி நேரம் ஓய்ந்து மறுபடி இறங்குவான். சோறு, பருப்பு, நெய், கருவாடு என்று உணவுப் படி எழுதி வைக்கப்பட்டிருந்தது. முஸ்லிம் ஆட்களுக்குத் தனி அடுப்பு, சமைப்பவர் பண்டாரி. பல கப்பல்களில் தொழுகைக்கு முன் நின்றவரும், சண்டையைத் தீர்த்தவரும், வீட்டுக்குப் பணம் அனுப்ப வழி செய்தவரும் சாரங்குதான்.

கலாசியாகச் சேர்ந்தவன் நல்ல பெயர் எடுத்தால் சுக்கானி ஆகலாம், தண்டல் ஆகலாம், முடி நரைக்கும்போது சாரங்கு ஆகலாம். அதற்கு மேல் படி கிடையாது. முப்பது வருடம் கடலைப் பார்த்த சாரங்கும், நேற்று வந்த வெள்ளை இளைஞரான கடைசி அதிகாரிக்குக் கீழேதான். இருந்தும் கப்பல்கள் இவர்களை நம்பியே ஓடின. 1914-ல் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் 51,000-க்கும் மேற்பட்ட லஸ்கர்கள் இருந்தனர்; அதாவது ஏறக்குறைய ஆறு மாலுமிகளில் ஒருவர்.

இரு கரையிலும் எம்டன்

முதல் உலகப் போர் தொடங்கியதும் நம் கடல் வழியின் இரு முனைகளும் அடிபட்டன. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. அக்டோபர் 28 விடியலில் அதே கப்பல் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ரஷ்யப் போர்க்கப்பல் ஒன்றை மூழ்கடித்தது. சாமர்த்தியக்காரனை 'எம்டன்' என்று சொல்லும் பழக்கம் தமிழில் அன்று வந்ததுதான். எம்டன் பிடித்த வணிகக் கப்பல்களின் ஆட்கள் உயிரோடு விடப்பட்டனர். பின்னால் வந்த நீர்மூழ்கிகள் அந்தத் தயவைக் காட்டவில்லை. அந்தப் போரில் 3,427 லஸ்கர்கள் இறந்ததாகவும் சுமார் 1,200 பேர் சிறைப்பட்டதாகவும் கணக்கு இருக்கிறது.

ரோனாவின் கடைசிப் பயணம்

அடுத்த போரில் ரஜூலாவும் ரோனாவும் படையேற்றும் கப்பல்களாக மாற்றப்பட்டன. 1939-ல் போர் மூண்டவுடன் லஸ்கர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு கேட்டார்கள். ஆபத்து எல்லோருக்கும் ஒன்று, கூலி மட்டும் ஏன் வேறு என்பதே அவர்களின் கேள்வி. நூற்றுக்கணக்கானோர் சிறைக்குப் போனார்கள்; கூலியும் ஓரளவு உயர்ந்தது.

1943 நவம்பரில் ரோனா ஏறக்குறைய 2,000 அமெரிக்கச் சிப்பாய்களை ஏற்றிக்கொண்டு மத்தியதரைக் கடல் வழியே இந்தியா நோக்கிப் புறப்பட்டது. நவம்பர் 26 மாலை அல்ஜீரியக் கரைக்கு அப்பால் ஜெர்மன் விமானம் ஏவிய குண்டு ஒன்று அதைத் தாக்கியது. வானொலி மூலம் திசை திருப்பி இயக்கும் புதுவகைக் குண்டு அது. எஞ்சின் அறையில் வெடித்தது. கப்பலின் பக்கம் பிளந்து, தீப்பிடித்து, விரைவில் மூழ்கியது. இறந்தவர்கள் 1,100-க்கும் மேல். அவர்களில் 1,015 பேர் அமெரிக்கச் சிப்பாய்கள். இந்தச் செய்தியை அமெரிக்க அரசு நெடுங்காலம் வெளியில் விடவில்லை.

உயிர் தப்பிய சிப்பாய்கள் சிலர், கப்பல் ஆட்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தார்கள் என்று பின்னாளில் குறை கூறினார்கள். பல படகுகள் இறக்க முடியாத நிலையில் இருந்தன, கடல் கொந்தளித்தது, இருட்டிக்கொண்டு வந்தது. அந்த நேரத்தில் யார் என்ன செய்தார் என்று தீர்ப்புச் சொல்வது எளிதல்ல. ஆனால் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கப்பலின் 195 ஆட்களில் பாதிக்கு மேற்பட்டோர் அன்று மாண்டனர். தம்மை மட்டும் காப்பாற்றிக்கொண்டவர்களின் கணக்கு இப்படி இருக்காது. 1926 முதல் போர் வரும்வரை நம் குடும்பங்களைச் சுமந்து வந்த கப்பல் அது. நீரில் மூழ்கி இறந்தவரும் ஷஹீதே என்பது நம் மார்க்கத்தின் சொல்.

சீருடை அணிந்த மாலுமிகள்

வணிகக் கப்பலுக்கு ஆள் கொடுத்த ஊர்கள் போர்க் கடற்படைக்கும் ஆள் கொடுத்தன. ராயல் இந்தியக் கடற்படை 1934 அக்டோபர் 2-ல் அந்தப் பெயரைப் பெற்றது. அதன் தொடக்க கால மாலுமிகளில் ரத்னகிரி, பஞ்சாப் முஸ்லிம்கள் மிகுதி. போர் தொடங்கியபோது 2,000 பேர் அளவில் இருந்த படை, முடிவதற்குள் 20,000-ஐத் தாண்டியது. தென்னாட்டு இளைஞர்களும் பெருமளவில் சேர்ந்தனர். 1942 நவம்பர் 11-ல் 'பெங்கால்' என்ற அதன் சிறு கப்பல், ஒரே ஒரு பெரிய பீரங்கியை வைத்துக்கொண்டு, டச்சு எண்ணெய்க் கப்பல் ஒன்றுடன் சேர்ந்து, தன்னைவிடப் பல மடங்கு பெரிய இரண்டு ஜப்பானியக் கப்பல்களை எதிர்த்தது. அவற்றில் ஒன்று மூழ்கியது; பெங்கால் கரை சேர்ந்தது.

அந்த மாலுமிகளுக்கும் சோறும் மரியாதையும் சரியாகக் கிடைக்கவில்லை. 1946 பிப்ரவரி 18-ல் பம்பாயில் 'தல்வார்' பயிற்சித் தளத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் சில நாட்களில் 78 கப்பல்களுக்கும் சென்னை, கராச்சி தளங்களுக்கும் பரவியது. எம்.எஸ். கான் தலைவராகவும் மதன் சிங் துணைத் தலைவராகவும் குழு அமைந்தது. இருவரும் அதிகாரிகள் அல்லர், சாதாரண மாலுமிகள். ஐ.என்.ஏ. கைதிகளை விடுதலை செய், இந்தோனேசியாவிலிருந்து இந்தியப் படையைத் திருப்பி அழை என்பவையும் அவர்களின் கோரிக்கைகள். ஐ.என்.ஏ.வுக்கு ஆள் கொடுத்த மலாயாத் தமிழர்களுக்காகவும் இந்த மாலுமிகள் பேசினார்கள் என்பதை நாம் நன்றியோடு நினைக்க வேண்டும்.

பெயர்கள் எங்கே?

மும்பையின் இந்திய மாலுமிகள் இல்லத்தில், முதல் போரில் கடலையே கபுராகக் கொண்ட 2,000-க்கும் மேற்பட்ட மாலுமிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இரண்டாம் போரில் இறந்த ஏறத்தாழ 6,500 பேரின் பெயர்கள் ஏடாக எழுதப்பட்டு, ஒரு பிரதி மும்பையிலும் ஒரு பிரதி சிட்டகாங் போர்க் கல்லறையிலும் இருக்கின்றன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவில் அந்தப் பெயர்களை யாரும் கட்டணமின்றித் தேடலாம்.

ரஜூலா போரில் தப்பி, மீண்டும் நம் வழிக்கு வந்து, 1973 வரை ஓடி, மறு வருடம் உடைக்கப்பட்டது. போர்ட் ஸ்வெட்டன்ஹாம் 1972-ல் போர்ட் கிள்ளான் ஆனது. கப்பலும் போய்விட்டது, துறைமுகத்தின் பெயரும் மாறிவிட்டது. கப்பலில் வந்த தலைமுறையும் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறது.

இதைப் படிக்கும் இளையவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ, டெக் டிக்கெட்டோ, கப்பல் வேலை பார்த்தவரின் நற்சான்றுப் புத்தகமோ இருந்தால் எறிந்துவிடாதீர்கள். படம் எடுத்து வையுங்கள். பின்னால் யாருடையது, எந்த வருடம் என்று எழுதி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே, கப்பலில் பழகிய சாரங்கு, பண்டாரி யாருடைய பெயராவது நினைவில் இருக்கிறதா என்று கேளுங்கள். சபர் வந்த நம்மவர்களுக்கு துஆ செய்யும்போது, அவர்களை அக்கரை சேர்த்துவிட்டு அக்கடலிலேயே தங்கிவிட்டவர்களையும் சேர்த்துக்கொள்வோம்.