நீரிழிவு: பெயர் சொல்வதும் இரத்தம் சொல்வதும்

நம் நாட்டில் ஒரே நோய்க்கு மூன்று மொழிகளில் வழங்கும் பெயர்களை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்போம். மலாய்க்காரர் அதனைக் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்பர். இனிப்பான சிறுநீர் என்பது அதன் பொருள். சீனர் வழங்கும் பெயர் ‘சர்க்கரைச் சிறுநீர் நோய்’ எனப் பொருள்படும். மலேசியத் தமிழர் பேச்சில் ‘இனிப்பு நீர்’ என்றும் எழுத்தில் ‘நீரிழிவு’ என்றும் குறிக்கின்றனர். பெயர்கள் வேறாயினும் அவை சுட்டும் இடம் ஒன்றே, அது சிறுநீர். ஆயினும் இன்று இந்நோயை உறுதிசெய்யச் சோதிக்கப்படுவது இரத்தம். பெயருக்கும் சோதனைக்கும் இடையே இவ்விலகல் எவ்வாறு நேர்ந்தது என்பதே இக்கட்டுரையின் பொருளாகும்.

‘இழிவு’ என்பதற்குத் தாழ்வு என்ற பொருளை மட்டும் அறிந்த மாணவர் ‘நீரிழிவு’ என்னும் சொல்லைக் கண்டு மயங்குவதுண்டு. இழிதல் என்பதன் அடிப்படைப் பொருள் கீழே இறங்குதல். மலையினின்று அருவி இழிவது போல, உடலினின்று நீர் ஓயாது இறங்கும் நோய் நீரிழிவு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க மருத்துவர் அரிட்டேயஸ் இந்நோயை விரித்துரைத்தார். அதற்கு வழங்கிய ‘டயாபெட்டீஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லும் ஊடு கடந்து செல்லுதல் என்ற கருத்திலேயே பிறந்தது. இரு மொழியாரும் கண்முன் கண்ட அறிகுறியையே பெயராக்கினர்.

இனிப்பை முதலில் குறித்தவர்கள் இந்திய மருத்துவர்கள். சரகர், சுசுருதர் பெயரால் வழங்கும் நூல்கள் இதனை ‘மதுமேகம்’ என்றன. மது என்பது தேன். மேகம் என்பது இங்கு முகில் அன்று. சிறுநீர் கழிதலைக் குறிக்கும் வடசொல்லின் தமிழ் வடிவம். சித்த மருத்துவமும் இப்பெயரை ஏற்றது. சிறுநீரில் எறும்பு மொய்ப்பதே அக்காலச் சோதனை. ஐரோப்பாவில் 1674இல் தாமஸ் வில்லிஸ் சிறுநீரின் இனிப்புச் சுவையை எழுதிவைத்தார். 1776இல் லிவர்பூல் மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரை வற்றச் செய்து சர்க்கரையைக் கண்டதாக எழுதினார். இரத்த நீரும் இனிப்பதை உடன் குறித்தார். நோயின் இடம் சிறுநீரன்று, இரத்தம் என்பதற்கான தடயம் அங்கே கிடைத்தது.

எனினும், இரத்தத்தை அளப்பதைவிடச் சிறுநீரைச் சோதிப்பது நெடுங்காலம் எளிதாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த பெனடிக்ட் கரைசல் நீல நிறமுடையது. சிறுநீர் சேர்த்துச் சூடாக்கினால், சர்க்கரையின் அளவுக்கேற்பப் பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என மாறும். இதற்கிடையே, 1889இல் மேரிங்கும் மின்கோவ்ஸ்கியும் கணையம் நீக்கப்பட்ட நாய்க்கு நீரிழிவு தோன்றுவதைக் கண்டனர். 1921இல் டொராண்டோவில் பிரித்தெடுக்கப்பட்ட இன்சுலின், மறு ஆண்டே நோயாளிக்குச் செலுத்தப்பட்டது.

இங்கே ஓர் உண்மையை மனத்திற்கொள்ள வேண்டும். இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால்தான் சிறுநீரகம் அதனை வெளியே விடும். ஆனால் உண்ணா நிலையில் 7 மில்லிமோல் இருந்தாலே அது நீரிழிவின் எல்லை. ஆகவே நோய் வந்த பின்னும் சிறுநீர் இனிக்காமல் இருக்கலாம்.

என் தாயார் ஐம்பது வயதில் ஓயாச் சோர்வுற்றார். கழிவறையில் எறும்பு மொய்க்கவில்லை. எனவே இனிப்பு நீர் இல்லை என்று வீட்டார் முடிவுகட்டினோம். அவ்வாறு முடிவுகட்டியவர்களுள் மொழியியல் பயின்ற நானும் ஒருவன். மூன்றாண்டுகள் கழித்து, அவர் பார்வை மங்கிய பிறகே இரத்தம் சோதிக்கப்பட்டது. சொல்லின் பொருளையே நோயின் இலக்கணமாகக் கொண்டதன் விலை அது.

இன்றைய அளவுகள் தெளிவானவை. எட்டு மணி நேரம் உண்ணாதிருந்து எடுத்த இரத்தத்தில் 7.0 மில்லிமோல், 75 கிராம் குளுக்கோஸ் பருகி இரண்டு மணி நேரத்திற்குப் பின் 11.1 மில்லிமோல், இவற்றை எட்டினாலோ மிஞ்சினாலோ அது நீரிழிவு. கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ1சி சோதனையையும் உலகச் சுகாதார நிறுவனம் 2011இல் ஏற்று, 6.5 விழுக்காட்டை எல்லையாக வகுத்தது. அறிகுறி ஏதுமில்லாதவருக்கு ஒரு சோதனையோடு முடிவு செய்யாமல், மீண்டும் சோதித்தே உறுதிசெய்வர். தமிழ்நாட்டு உறவினர் 126 என்று சொன்னால் அஞ்ச வேண்டா. அது மில்லிகிராம் கணக்கு. 18ஆல் வகுத்தால் நம் 7 வரும்.

அப்படியாயின் பழைய பெயரை மாற்ற வேண்டுமா? வேண்டியதில்லை. ஒரு காலத்து மக்கள் எதனைக் கண்டனர் என்பதற்குப் பெயரே சான்று. அதனை அழிப்பது வரலாற்றை அழிப்பதாகும். ஆனால் வகுப்பில் ‘நீரிழிவு’ என்னும் சொல்லுக்குப் பொருள் கூறும் ஆசிரியர், சொல் நீரைச் சொல்கிறது, நோய் இரத்தத்தில் இருக்கிறது என்ற ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனைக் கேட்ட மாணவர் வீடு சென்று தம் பெற்றோரிடம், “இரத்தம் சோதித்தீர்களா?” என்று கேட்பாராயின், அந்தப் பாடம் தன் பயனை அடைந்ததாகக் கொள்ளலாம்.