கே. சி. எஸ். பணிக்கர்

கே. சி. எஸ். பணிக்கர் (மே 31, 1911 – ஜனவரி 1977) இந்திய ஓவியர், ஓவிய ஆசிரியர். சென்னைக் கலை இயக்கத்தின் முன்னோடி, சோழமண்டலம் கலைக் கிராமத்தின் நிறுவனர். மாணவர்கள் கலையை நம்பியே வாழ வழி தேடியது அவருடைய ஆசிரியப் பணியின் தனிச்சிறப்பு.

இளமையும் கல்வியும்

கோயம்புத்தூரில் மலையாளக் குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே கேரளத்தின் பசுமையையும் நீர்நிலைகளையும் நீர்வண்ணத்தில் தீட்டினார். குடும்பப் பொறுப்பு காரணமாகத் தந்தித் துறையில் வேலை பார்த்தார். 1936இல் அதைத் துறந்து, தம் 25ஆம் வயதில் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராகச் சேர்ந்தார். மெரினா கடற்கரையின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி அப்போது அதன் தலைவர்.

ஆசிரியப் பணி

படிப்பு முடிந்ததும் அதே பள்ளியில் ஆசிரியரானார். 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1957இல் ராய் சௌத்ரிக்குப் பின் முதல்வராகி, 1967இல் ஓய்வு பெற்றார். எஸ். தனபால், எல். முனுசாமி, ஏ. பி. சந்தானராஜ் ஆகியோரும் ஆசிரியர்களாக இருந்த அக்காலத்தில் கே. எம். ஆதிமூலம், எஸ். ஜி. வாசுதேவ் உள்ளிட்ட ஒரு தலைமுறையே உருவானது. மேலை நாட்டுப் பாணிகளைக் கற்றுக்கொண்டாலும் அவற்றை நகலெடுக்காமல், இந்திய மரபின் கோட்டிலிருந்து தமக்கான மொழியைக் கண்டடைய வேண்டும் என்பதே பணிக்கர் மாணவர்களிடம் வலியுறுத்தியது. பேசத் திணறியவரும் தனிமையில் உழன்றவருமான கே. ராமானுஜத்தின் திறமையை இனங்கண்டு ஆதரித்தார்.

சோழமண்டலம்

ஓவியம் விற்று வாழ்வது அன்று அரிது. மாணவர்கள் படிப்பு முடிந்ததும் வேறு வேலைக்குப் போய்த் தூரிகையைக் கைவிடுவதைப் பணிக்கர் கண்டார். கைவினைப் பொருள்களின் வருவாயில் வாழ்ந்துகொண்டே ஓவியமும் சிற்பமும் படைக்கலாம் என எண்ணினார். பட்டிக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் விற்ற பணத்தைத் திரட்டி, அவரும் மாணவர்களும் 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினர். கலைஞர்கள் அங்கேயே வீடு கட்டிக் குடியேறினர். அரசு நிறுவனத்தின் துணையின்றிக் கலைஞர்களே நடத்தும் குடியிருப்பாக அது நிலைத்தது.

படைப்புகள்

தொடக்க கால நிலக்காட்சிகளுக்குப் பின் மனித உருவங்களை எளிய கோடுகளில் வரைந்தார். 1954இல் லண்டனில் அவரது கண்காட்சி நடைபெற்றது. 1963 முதல் வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசை அவருக்குப் பெரும்புகழ் தந்தது. மாணவர் ஒருவரின் கணக்கு நோட்டில் எண்களும் வடிவங்களும் நெருங்கி நின்ற விதம் அதற்குத் தூண்டுதல். எழுத்துகள், சோதிடக் கட்டங்கள், பாம்பு, மீன் போன்றவை கலந்த அப்படங்களில் உள்ள எழுத்துகள் பொருள் தருவதற்காக எழுதப்பட்டவை அல்ல. கோடுகளின் ஒழுங்கும் இசைவுமே அவற்றின் நோக்கம்.

மரபு

1976இல் லலித் கலா அகாதமி அவரை உயர் உறுப்பினராக்கிச் சிறப்பித்தது. அவருடைய மகன் எஸ். நந்தகோபால் புகழ்பெற்ற உலோகச் சிற்பி. திருவனந்தபுரத்தில் பணிக்கரின் ஓவியங்களுக்கெனத் தனிக் காட்சிக்கூடம் உள்ளது. சோழமண்டலத்தில் உள்ள அருங்காட்சியகம் சென்னைக் கலை இயக்கத்தின் படைப்புகளைக் காட்சிப்படுத்துகிறது.