போட்டோ பினிஷ்

தேர்தல் செய்தியிலும் விளையாட்டுச் செய்தியிலும் "போட்டோ பினிஷ்" என்ற சொல் அடிக்கடி காதில் விழுகிறது. இரண்டு வேட்பாளர்களுக்கிடையே சில வாக்குகளே வித்தியாசம் என்றால் அப்படிச் சொல்கிறார்கள். அங்கே போட்டோ எடுத்தவர் யார்?

இது குதிரைப் பந்தயத் திடலில் பிறந்த சொல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் திடல்களில் எல்லைக் கோட்டுக்கு நேர் மேலே ஒரு கம்பி கட்டியிருப்பார்கள். எந்தக் குதிரையின் மூக்கு முதலில் கம்பிக்கு நேரே வருகிறது என்று நடுவர் சொல்ல வேண்டும். இரண்டும் ஒட்டி வந்தால் மனிதக் கண் என்ன செய்யும்? பணம் கட்டியவர்கள் சும்மா இருப்பார்களா?

1930களில் அதற்கென்றே ஒரு கேமரா வந்தது. அதில் கோட்டுக்கு நேராக மெல்லிய பிளவு ஒன்று மட்டுமே உண்டு. பின்னால் பிலிம் ஓடிக்கொண்டே இருக்கும். ஆகவே கோட்டைக் கடப்பது மட்டுமே, கடந்த வரிசைப்படி பதியும். கோட்டின்மேல் ஊன்றிய பாதம் படகுபோல் நீண்டு தெரியும். பாதம் நிற்க, பிலிம் நகர்கிறதல்லவா! குதிரைக்கு மூக்கு கணக்கு. மனிதருக்கோ தலையும் கையும் காலும் கணக்கில்லை, உடல்தான் கணக்கு.

1948 லண்டன் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் இறுதி ஓட்டம். அமெரிக்கர் பார்னி யூவல் தாமே வென்றோம் என்று துள்ளிக் குதித்தார். படத்தைப் பார்த்த நடுவர்கள் ஓரத்துப் பாதையில் ஓடிய ஹாரிசன் டில்லார்டுக்கே தங்கம் என்றார்கள். அவரும் அமெரிக்கரே. உலகின் சிறந்த தடை ஓட்டக்காரரான அவர், தேர்வுப் போட்டியில் தடைகளில் இடறி அந்த வாய்ப்பை இழந்து, 100 மீட்டரில் மூன்றாமவராகத்தான் லண்டனுக்கு வந்திருந்தார். யூவல் முகம் சுளிக்காமல் கைகுலுக்கினார். ஆயிரம் கண்கள் பார்த்ததை ஒரு படம் மாற்றியபோது அப்படி நடந்துகொள்வது எளிதா?

கண்ணால் தீர்க்க முடியாத முடிவுக்கே இச்சொல் பொருந்தும். விரல்விட்டு எண்ணும் வாக்குகளில் வென்றால் சொல்லலாம். ஆயிரக்கணக்கில் வென்றவருக்கும் சிலர் இதைச் சூட்டுகிறார்கள். அது வெறும் அலங்காரம். டில்லார்ட் 1952இல் ஹெல்சிங்கியில் தடை ஓட்டத்திலும் தங்கம் வென்றார். அங்கும் அவருக்கும் இரண்டாவதாக வந்த ஜாக் டேவிசுக்கும் ஒரே நேரம்தான் குறித்தார்கள்: 13.7 விநாடி.