பழைய தண்டனையும் புதிய வழக்கும்

கோலார் தங்கவயல் என்றவுடன் ஆழ்ந்த சுரங்கங்களும், அவற்றில் உழைத்த தமிழ் மக்களும் நம் நினைவிற்கு வருகின்றனர். 1880ஆம் ஆண்டை ஒட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே தொழிலை ஏற்றபின், வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் ஜில்லாக்களிலிருந்து பல்லாயிரவர் அவ்வயலுக்குக் குடிபெயர்ந்தனர். பொன் விளையும் இடத்தில் பொன் திருட்டைப் பற்றிய அச்சமும் விளைவது இயல்பு. ஆகவே மைசூர் சமஸ்தானம் சுரங்கங்களுக்கெனத் தனி விதிகளை வகுத்தது. கம்பெனியார் காவலையும் சோதனையையும் பெருக்கினர்.

இத்தகைய ஊரில் ஒரு கேள்வி எழுவதை நாம் எண்ணிப் பார்க்கலாம். ஒரு தொழிலாளி முன்னொருமுறை பொன் திருடியதற்காகத் தண்டனை அடைந்தவர். பின்னர் அவர் குடியிருக்கும் வரிசையில் சிறிது பொன் அகப்படுகிறது. அவர் தாம் அறியேன் என்கிறார். பழைய தண்டனையைக் காட்டி, “இவர் சொல்லை நம்பலாகாது” என்று வழக்கை முடித்துவிடலாமா?

சர் ஜேம்ஸ் பிட்ஸ்ஜேம்ஸ் ஸ்டீபன் வரைந்த 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம், தன் 54ஆம் பிரிவில், எதிரியின் முன் தண்டனை வழக்கிற்குத் தொடர்புடையதே என்று முதலில் கூறியது. 1891ஆம் ஆண்டில் அப்பிரிவு மாற்றப்பட்டது. எதிரி தம் நன்னடத்தைக்குச் சான்று காட்டினாலன்றி, அவருடைய தீய நடத்தையைக் காட்டலாகாது என்பதே புதிய விதி. காட்டத் தகும் இடத்தில் மட்டும், முன் தண்டனை தீய நடத்தைக்குச் சான்றாகும். ஒருவர் நேற்றுத் திருடினார் என்பதால் இன்றும் திருடினார் என்று முடிவு செய்தல் தருக்கத்திற்கு ஒவ்வாது. ஆனால் கேட்போர் மனம் அம்முடிவையே எளிதில் பற்றிக்கொள்ளும். அவ்வலிமையை அஞ்சியே சட்டம் அதற்கு வேலி இட்டது.

ஆயினும் முன் தண்டனை அடியோடு மறக்கப்படுவதில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவு, திருட்டு முதலிய சில குற்றங்களில் மீண்டும் சிக்குவோர்க்குத் தண்டனையைக் கூட்ட இடமளித்தது. இங்கேயும் முறை ஒன்று உண்டு. செஷன்ஸ் விசாரணையில், இப்போதைய குற்றம் மெய்ப்பிக்கப்பட்ட பின்னரே பழைய தண்டனை பற்றிய குற்றச்சாட்டு படிக்கப்படும். முதலில் குற்றம், பிறகு வரலாறு என்பதே அவ்வரிசை.

எதிரி தாமே சாட்சிக் கூண்டில் ஏறினால் என்ன ஆகும்? இங்கிலாந்தில் 1898ஆம் ஆண்டுச் சட்டம் எதிரிக்குச் சாட்சி சொல்லும் உரிமை தந்தபோது, சில விலக்குகளுடன், பழைய தண்டனையைப் பற்றிய கேள்விகளுக்குத் தடையும் விதித்தது. நம் நாட்டில் அவ்வுரிமை 1955ஆம் ஆண்டுத் திருத்தத்தால் வந்தது. எழுத்து மூலம் தாமே வேண்டினாலன்றி எதிரியைச் சாட்சியாக அழைக்கலாகாது. அவர் வாளாவிருந்ததைக் குறைகூறவும் ஆகாது. ஆனால் இங்கிலாந்தின் அச்சட்டத்தில் இருந்ததுபோன்ற வெளிப்படையான தடை அதில் இல்லை. சாட்சியின் நடத்தையைத் தாக்கி அவர் நம்பகத்தைக் குலைக்கும் குறுக்கு விசாரணையோ பொதுவாக அனுமதிக்கப்பட்டதே. எனவே கூண்டேறுவது எதிரிக்கு இருமுனைக் கத்தி.

குற்றவாளி என்ற பெயரின் கொடுமையைத் தங்கவயல் மக்கள் நன்கறிந்திருந்தனர். 1897ஆம் ஆண்டில் கல்கத்தாவில் கைரேகைக் காரியாலயம் நிறுவப்பட்டது முதல், பழைய குற்றவாளியை அடையாளம் காணும் கருவியாகக் கைரேகை விளங்கியது. 1930ஆம் ஆண்டில் தொழிலாளர் பெருவிரல் ரேகையைப் பதிய வேண்டும் என்றபோது, ஆயிரக்கணக்கானோர் வேலைநிறுத்தம் செய்தனர். உழைப்பாளி அனைவரையும் திருடர் வரிசையில் நிறுத்துவதாக அவர்கள் அதை உணர்ந்தனர்.

2001ஆம் ஆண்டில் அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. 2024 ஜூலை முதல் பழைய சாட்சியச் சட்டத்தின் இடத்தில் பாரதிய சாட்சிய அதிநியமம் நடைமுறையில் உள்ளது. 54ஆம் பிரிவின் கொள்கை அதன் 49ஆம் பிரிவில் தொடர்கிறது. தண்டனையை அனுபவித்துத் தீர்த்தவர் அக்கடனைச் செலுத்திவிட்டவரே. மீண்டும் அவர் நீதிமன்றத்தில் நின்றால், இன்றைய குற்றத்தை இன்றைய சான்றுகளால் மெய்ப்பிக்க வேண்டும். அது அவருக்குக் காட்டும் சலுகையன்று. நம் அனைவருக்கும் காவலாக நிற்கும் நீதி.