அமெரிக்காவுக்குப் பார்சல்: 50 சதவீத வரியை இறுதியில் செலுத்தியது யார்?

திருவனந்தபுரம்: கரமனையிலிருந்து களியக்காவிளை செல்லும் சாலையில் உள்ளது, கைத்தறிக்குப் பெயர்பெற்ற பாலராமபுரம். திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மா காலத்தில் தமிழ்ப் பகுதியிலிருந்து வந்து குடியேறிய சாலியர் குடும்பங்கள் வளர்த்த நெசவு அது. இத்தகைய கசவுப் புடவைகளையும் செட்டு முண்டுகளையும் அமெரிக்காவில் உள்ளவர்கள் இணையக் கடைகளில் வாங்கும்போது, 2025 ஆகஸ்ட் மாதம் முதல் புதிய செலவு ஒன்று சேர்ந்துள்ளது.

அதற்கு முன்பு 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சல்கள் அமெரிக்காவுக்குள் வரியின்றி நுழைந்தன. ஆகஸ்ட் 29 முதல் அச்சலுகை அனைத்து நாடுகளுக்கும் நீக்கப்பட்டது. அதற்கு இரண்டு நாள் முன்னதாகவே இந்தியப் பொருட்கள் மீதான கூடுதல் வரி 50 சதவீதமாக உயர்ந்திருந்தது. வரியை யார் வசூலித்து யாரிடம் செலுத்துவது என்பது தெளிவாகாததால் விமான நிறுவனங்கள் அஞ்சல் பார்சல்களை ஏற்கவில்லை. ஆகஸ்ட் 25 முதல் பெரும்பாலான பார்சல்களையும், மாத இறுதியில் கடிதங்கள் உட்பட அனைத்தையும் இந்திய அஞ்சல் துறை நிறுத்தி வைத்தது. அக்டோபர் 15 அன்று சேவை மீண்டும் தொடங்கியது.

2025-இல் தொடங்கிய அப்புதிய முறையில், அனுப்புபவர் அறிவித்த பொருள் மதிப்பில் 50 சதவீதம் பதிவின்போதே வசூலிக்கப்பட்டு அமெரிக்கச் சுங்கத்துக்குச் செலுத்தப்பட்டது. கூரியர் வழியில் அந்தந்தப் பொருளுக்குரிய அடிப்படை வரியும் சேர்ந்தது; அஞ்சல் வழியில் அது இருக்கவில்லை. சிறு வணிகர்களுக்கு அஞ்சல் துறை சாதகமாக இருந்ததற்கு இதுவே காரணம்.

ஆனால், பதிவின்போது பணம் கட்டுபவர் வணிகர் என்பதால் சுமையும் அவருடையது என்று பொருளல்ல. அதை வாங்குபவரிடம் சேர்ப்பதற்குப் பல வழிகள் உண்டு. பணம் செலுத்தும் பக்கத்தில் இறக்குமதிக் கட்டணம் எனத் தனி வரியாகக் காட்டுவது ஒன்று. 2025 ஏப்ரலில் டெமு தளம் அமெரிக்க வாடிக்கையாளர்களுக்கு இப்படித்தான் காட்டியது. அதே மாதம், தனது தளத்தில் வரிச் செலவைத் தனியே காட்ட அமேசான் திட்டமிடுவதாகச் செய்தி வந்தபோது, அதை விரோதமான அரசியல் செயல் என்று வெள்ளை மாளிகை சாடியது. அத்திட்டம் தங்கள் முதன்மைத் தளத்துக்கானது அல்ல என்று அமேசான் விளக்கம் அளித்தது. ரசீதில் ஒரு வரி கூடுவதற்கே இத்தனை எதிர்ப்பு என்றால், பல வணிகர்கள் வரியை விலைக்குள்ளேயே கரைத்துவிடுவதில் வியப்பில்லை.

எதையும் காட்டாமல் அனுப்பிவிட்டு, வரியை வாசலில் கட்டச் சொல்வது மற்றொரு வழி. இதில் கூரியர் நிறுவனத்தின் கையாளும் கட்டணமும் கூடுவதால் வாங்குபவருக்குப் பெரும்பாலும் இதுவே மோசமானது.

'இலவச டெலிவரி' என்ற அறிவிப்பையும் கவனித்துப் படிக்க வேண்டும். புடவையின் விலை 40 டாலர், அனுப்பும் செலவு 20 டாலர் என்று கொள்வோம். 50 சதவீத வரியின் கீழ், இரண்டும் தனித்தனியே காட்டப்பட்டால் வரி 20 டாலர், மொத்தம் 80. அனுப்பும் செலவையும் சேர்த்துப் புடவையின் விலையே 60 டாலர் என்று அறிவித்தால் வரி 30 டாலர், மொத்தம் 90. இலவசம் என்ற சொல்லுக்காக வாங்குபவர் 10 டாலர் கூடுதலாகத் தருகிறார்.

தனிநபர் ஒருவர் மற்றொருவருக்கு அனுப்பும், 100 டாலர் வரையிலான உண்மையான பரிசுகளுக்கு இவ்வரி இல்லை. கரமனை அக்ரகாரத்துப் பெற்றோர் நியூ ஜெர்சியில் உள்ள மகளுக்கு அனுப்பும் புடவை வரியின்றிச் செல்லும். அதே புடவை இணையத்தில் விற்கப்பட்டால் முதல் டாலரிலிருந்தே வரி உண்டு. விற்ற பொருளைப் பரிசு என எழுதி அனுப்புவது பொய்யான சுங்க அறிவிப்பாகும். இந்தியாவுக்கும் இந்த உத்தி புதிதல்ல. வெளிநாட்டு இணையக் கடைகள், குறிப்பாகச் சீனத் தளங்கள், பரிசுச் சலுகையின் பெயரில் பொருட்களை அனுப்புவதாகப் புகார் எழுந்ததையடுத்து, உயிர்காக்கும் மருந்துகளையும் ராக்கியையும் தவிர பரிசு என்ற பெயரிலான இறக்குமதியை மத்திய அரசு 2019 டிசம்பரில் தடை செய்தது.