பனிச்சையும் பெர்சிமனும்: ஒரே குலம், இரு குணம்

கழுத்தில் போடும் கருங்காலி மாலை, பீடி சுற்றும் இலை, பழக்கடைப் பெர்சிமன், ஆற்றங்கரைப் பனிச்சை நான்கும் டயோஸ்பைரஸ் என்ற ஒரே பேரினத்து மரங்கள் தருபவை. இவற்றில் பெர்சிமன் சீனத்தில் பிறந்து ஜப்பானில் பேர் வாங்கியது. பனிச்சை நம் மண்ணின் மரம். சென்னை வியாசர்பாடியில் ஒரு மரம் வைக்க இடம் கிடைத்தால் இந்த இரண்டில் எது பிழைக்கும்?

முதலில் அடையாளம். காம்படியில் நான்கு மடலாக விரிந்து, பழுத்த பின்னும் உதிராமல் ஒட்டியிருக்கும் புல்லிவட்டம் இரண்டுக்கும் பொது. மற்றபடி தூரத்திலேயே வித்தியாசம் தெரியும். பெர்சிமன் இலையுதிர் மரம். இலையெல்லாம் சிவந்து கொட்டிய பிறகும் பழம் கிளையில் தொங்கும். பனிச்சை ஆண்டு முழுதும் பச்சை. இலை நீண்டு, தடித்து, பளபளக்கும். கொழுந்து செந்நிறம், பட்டை கறுப்பு. பனிச்சங்காயைத் தேய்த்தால் துரு நிறத் தூள் விரலில் ஒட்டும். பழுத்து மஞ்சளானதும் பிளந்தால், பிசுபிசுத்த சதைக்குள் பெரும்பாலும் 5 முதல் 8 விதைகள்.

பெர்சிமனுக்குள்ளும் இரு வகை உண்டு. தக்காளி போலத் தட்டையாக இருப்பது ஃபூயு. கெட்டியாகவே கடித்துத் தின்னலாம். அடி கூர்ந்து நீண்டிருப்பது ஹச்சியா. கூழாகக் குழையும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் டானினின் துவர்ப்பு வாயை இழுத்துப் பிடிக்கும். கனியக் கனிய டானின் கரையாத நிலைக்கு மாறுவதால் துவர்ப்பு நாக்கில் படாது. வாழைப்பழத்தோடு மூடி வைத்தால் சீக்கிரம் கனியும்.

பழத்துக்கு ஆகாத அந்தத் துவர்ப்பு வலைக்கு ஆனது. ஜப்பானியர் பெர்சிமன் காய்ச் சாற்றைப் புளிக்கவைத்து ‘காக்கிஷிபு’ ஆக்கி, காகிதத்துக்கும் மரத்துக்கும் மீன்வலைக்கும் பூசினார்கள். வங்கத்திலும் கேரளத்திலும் பனிச்சங்காய்ச் சாறு அதே வேலையைச் செய்தது: வலைநூல் தண்ணீரில் சீக்கிரம் இற்றுப்போகாமல் காத்தது, படகுக்கும் பூச்சானது. நைலான் வலை வந்ததும் இரண்டு கரையிலும் அந்தத் தேவை குறைந்தது.

வளர்ப்பில்தான் இரண்டும் பிரிகின்றன. பெர்சிமன் ஒழுங்காகக் காய்க்க, குளிர்காலத்தில் 7 டிகிரிக்குக் கீழே சில நூறு மணி நேரமாவது வேண்டும். வேரில் தண்ணீர் தேங்கவும் கூடாது. அதனால் தமிழ்நாட்டில் அது சுமார் 1,850 மீட்டர் உயரக் குன்னூரில் காய்க்கிறது. வியாசர்பாடியில் அந்தக் குளிரும் கிடையாது, வடிகாலும் கிடையாது. ஐப்பசி மழையில் கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்குவது ஊரறிந்த கதை. நீரோடைக் கரையில் வளர்ந்து பழகிய பனிச்சைக்கோ ஈரமண் புதிதல்ல. அதன் குறை வேறு: மெதுவாகத்தான் வளரும், நிழலுக்கே பல வருஷம் பொறுக்க வேண்டும்.

ஆகவே பெர்சிமனைக் கடையில் வாங்கித் தின்பதே லாபம். வியாசர்பாடி வழியே ஓடும் கேப்டன் காட்டன் கால்வாய்க் கரையில் வைக்கப் பனிச்சையே பொருத்தம். ஆனால் ஒட்டுப் பெர்சிமன் மகரந்தம் இல்லாமலே தனி மரமாகக் காய்ப்பதுபோல் பனிச்சை காய்க்காது. அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. பூக்கும்வரை எது எதென்று தெரியாது. ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்து கன்றாக நடுங்கள்.